கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பிள்ளையிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர் கோவில்பட்டி. வேலை சென்னை பெருங்குடியில், வீடு மேடவாக்கத்தில். 18 வருஷமாக மென்பொருள் நிறுவனங்களில் குப்பை கொட்டுகிறேன். கல்யாண வீடோ துட்டி வீடோ, போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு போன் என் மூக்குக்கு நேரே நீளும், "நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, இதைக் கொஞ்சம் பாரு" என்று. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதே இல்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இனிமேல் கேட்டால் இதைத்தான் அனுப்புவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீ என்னதான்டா வேலை பார்க்கிறாய்? (ஆச்சி, பல தடவை)

டெஸ்டிங். பத்துப் பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதுவார்கள், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்வது. ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்குடா மெட்ராஸ் வரைக்கும் போன, நம்ம தெருவுலயே சும்மா செய்றதுக்கு ஆள் இருக்கே" என்றாள். எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருக்கிறது, உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்லேன்?

இதுதான் முதல் இடம் பிடிக்கும் கேள்வி. நான் பார்க்கிற முறை ரொம்பச் சாதாரணம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா? "நேற்று" என்று போட்டிருந்தால் அது எந்த நேற்று? போன வருஷமும் அது நேற்றாகத்தானே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டால் முன்னால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், அரை நிமிஷ வேலை. அப்புறம் மொழியைப் பார்ப்பேன். "உடனே பகிரவும்", "டெலிட் ஆவதற்குள் பாருங்கள்", "இதை மீடியா காட்டாது" என்று எவன் அவசரப்படுத்துகிறானோ அவனை எனக்கு முதல் வரியிலேயே பிடிக்காமல் போய்விடும். உண்மைச் செய்திக்கு அவ்வளவு அவசரம் இருக்காது, நாளைக்கும் அது உண்மையாகத்தான் இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? மாடியில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியே வந்துவிட்டன, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று ஒரு செய்தி. மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பால் வாங்க ஆள் இல்லை. ஒரு முதலையும் தப்பிக்கவில்லை என்று பண்ணைக்காரர்களே சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அதே நாட்களில் அதே போன்களை வைத்துக்கொண்டுதான் முன்பின் தெரியாத பிள்ளைகள் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எந்த வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள் என்று பட்டியல் போட்டு ஆட்களைக் கரையேற்றினார்கள். அதனால் போனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சண்டைகளை எடுத்து ஒட்டியவை, போலீஸும் அப்படித்தான் சொன்னது. எங்கள் தெரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பையனுக்கு அவன் அம்மா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போன் செய்து அழுதாள். அவன் என்னிடம் வந்து, "அண்ணா, இங்க எங்க நடக்குது?" என்று கேட்டான். அந்த ஊர் மொழியில் அவன் அம்மாவுக்கு என்ன வந்ததோ, அதேபோல நமக்கு நம் மொழியில் வேறு யாரைப் பற்றியோ வந்துகொண்டே இருக்கிறது.

நல்ல எண்ணத்தில்தானே ஃபார்வர்ட் பண்ணுகிறோம், அதில் என்ன வந்துவிடப் போகிறது? (சித்தி)

சித்தி, இதற்கு மட்டும் நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள் என்று வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப் குரல் செய்திகள். அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கார் போகிறது. சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா ஒருவரும் அவர் சொந்தக்காரர்களும், தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு. வழி கேட்க நிறுத்துகிறார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார்.

நானும் வருஷா வருஷம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவன். வழி தெரியாமல் மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்பேன். மதினி எப்போதும் ஒரு பை நிறைய மிட்டாய் எடுத்து வருவாள், ரோட்டில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்க. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த அம்மா யாரோ இல்லை.

அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றிவந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும்தான் என்று ஆக்கினார்கள். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதே, அது அதுதான். "பலர் அனுப்பியிருக்கிறார்கள், அப்போ உண்மைதான்" என்று நீங்கள் சொன்னீர்களே, அந்த அம்புக்குறிக்குப் பொருள் நேர்மாறு. எங்கிருந்து கிளம்பியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்று அர்த்தம்.

இந்த வாட்ஸ்அப் வந்த பிறகுதானே இப்படி எல்லாம்?

அதுவும் முழு உண்மை இல்லை. 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் டெல்லிப் பக்கம் கிளம்பிய சேதி அன்றைக்கே எங்கள் தெருப் பிள்ளையார் வரை வந்துவிட்டது. செல்போன் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, எஸ்டிடி பூத் ஒன்றே ஒன்று. அறிவியல் வாத்தியார் மறுநாள் கரண்டியில் தண்ணீர் எடுத்து மர பெஞ்சு விளிம்பில் வைத்துக் காட்டினார், பெஞ்சும் குடித்தது. திரவம் விளிம்பைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் இழுபட்டுக் கீழே வழிகிற சமாச்சாரம். வதந்திக்கு நம் ஊரில் எப்போதும் கால் உண்டு, இப்போது பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அன்றைக்குப் பிள்ளையார் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, ஒரு டம்ளர் பாலோடு போயிற்று. அதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருக்கிறது.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது சாட்டிலைட் மூன்று வினாடி நின்றுவிடுகிறதாமே? நாசாவே அசந்துபோய்விட்டதாம்?

இல்லை. பூமிக்குப் பக்கத்தில் சுற்றுகிற சாட்டிலைட் வினாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று வினாடி நிற்பது என்றால் அப்படியே விழ ஆரம்பித்துவிடும். வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிற டிவி சாட்டிலைட்டுகள் வேறு ரகம், அவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டும்தான் இருக்க முடியும், காரைக்கால் பக்கம் வர அவற்றுக்கு வழியில்லை.

இதுமாதிரி சமாச்சாரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாதி உண்மையாக இருப்பவைதான். காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்று ஒரு பதிவு சுற்றுகிறது. மேப்பில் போட்டுப் பார்த்தேன், மூன்றுமே 79.7 டிகிரியை ஒட்டித்தான் வருகின்றன! ஆச்சரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து அல்லவா, திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்தக் கோட்டில் இல்லை, அதைப் பதிவு போட்டவர் விட்டுவிட்டார். அடுத்த வரியிலேயே சிதம்பரம் உலகத்தின் காந்த மையம் என்று எழுதிவிட்டார். காந்த நடுக்கோடு இன்னும் தெற்கே போகிறது, 1963இல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால்தான். ஒரு உண்மையைக் காட்டி நான்கு பொய்யை விற்பது காய்கறிக் கடையில்கூட நடக்கிற வியாபாரம்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், சிதம்பரத்துக்கு நாசா சான்றிதழ் எதற்கு? அந்தக் கோயிலில் கால் வைத்தவனுக்கு வேறு எவனாவது சொல்ல வேண்டுமா?

அப்போ நீ சாமி கும்பிட மாட்டாயா?

ஏன் கும்பிட மாட்டேன்? பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டுக்குள் இருக்கிற எங்கள் சாஸ்தாவைப் பார்க்கப் போகாமல் ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. லண்டன் கிளையன்ட் தலைகீழாக நின்றாலும் அந்த இரண்டு நாள் லீவு. செம்மணலில் வண்டி சிக்கும், டவர் ஒரு கோடுகூடக் காட்டாது, பொங்கல் அடிப்பிடித்திருக்கும், மாமாக்களுக்குள் யார் முதலில் பொங்கல் வைப்பது என்று பழைய சண்டை புதிதாக வரும். சாமி இருக்கிறாரா என்று அங்கே நின்று நான் யோசித்ததே இல்லை, தாத்தா நின்ற இடத்தில் நிற்கிறேன், போதும்.

முரண்பாடாக இருக்கிறது என்று ஆபீஸில் ஒரு நாத்திகத் தம்பி சொல்வான். இருக்கட்டும். அவனும் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கேட்டு முதல் ஆளாக வந்து நிற்பான். அன்றைக்கு மானிட்டர், சர்வர் அறைக் கதவு, காபி மெஷின் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரு வருஷம் யாரோ பக்தி முற்றி என் லேப்டாப் கேமராவுக்கே பொட்டு வைத்துவிட்டார்கள், ஒரு வாரம் வீடியோ மீட்டிங்கில் நான் செக்கச்செவேல் என்று தெரிந்தேன். எங்கள் மேனேஜர் பாய்தான் அன்று சாம்பிராணிக்கு ஃபயர் அலாரத்தை நிறுத்தச் சொல்லி அனுமதி வாங்கித் தந்தவர். ரம்ஜானில் அவர் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு நாங்கள் தூக்குவாளியோடு போவோம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு யாரும் மீட்டிங் போடக் கூடாது என்பது எங்கள் டீமில் எழுதாத சட்டம். இதெல்லாம் செய்தியில் வராது, வருவதற்கும் ஒன்றுமில்லை.

சனிப்பெயர்ச்சி 2025ஆ 2026ஆ? ஆப்பில் ஒன்று போட்டிருக்கிறது, கோயிலில் வேறு சொல்கிறார்கள். (அத்தை)

அத்தை, ஒரே சனி, இரண்டு வெர்ஷன். திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றுகிறது, அதன்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு அதன்படி போடுகிறது, அதில் 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுகிற கோயில். ஆப் எழுதியவன் திருக்கணிதத்தைப் போட்டிருக்கிறான், எந்தக் கணக்கு என்று ஒரு வரி போடவில்லை. டெஸ்டராக எனக்கு அதுதான் குறை, சனி மேல் ஒரு குறையும் இல்லை.

இது புதுச் சண்டையும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர், 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் பஞ்சாங்கத்துக்கும் பொருந்த வேண்டாமா என்று அவரே கணக்கைத் திருத்தச் சொல்லி எழுதினார். பகலில் வெள்ளைக்காரன் ஆபீஸில் வேலை, வீட்டில் ஆசாரம், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு மனுஷன். எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

இரண்டு தேதியிலும் எள் தீபம் போடுகிறேன் என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். டெஸ்டிங்கில் நாங்களும் அதைத்தான் செய்வோம்.

ராகு காலத்தில் மென்பொருளை ரிலீஸ் பண்ணலாமா?

காலண்டரில் அச்சடித்திருக்கிற ராகு காலம், சூரியன் காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு அஸ்தமிக்கும் என்று வைத்துக்கொண்டு பகலை எட்டாக வகுத்தது. சென்னையில் ஜனவரியில் ஆறரை மணிக்கு மேல்தான் விடிகிறது. லண்டனில் இருக்கிற மச்சானுக்கு ஜூனில் பதினாறரை மணி நேரப் பகல், அவன் கணக்குப் போட்டால் ஒரு ராகு காலம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், பாவம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வேண்டாம் என்று எங்கள் புராஜெக்ட் லீட் சொல்வார். நான் வெள்ளிக்கிழமையே வேண்டாம் என்பேன், ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் ஜோசியரும் நானும் ஒரே கட்சி.

நீ எந்த சானல் பார்ப்பாய்?

பார்ப்பதில்லை. டீக்கடையில் தினசரி பேப்பர் படிப்பேன், அதுவும் மடிப்பு மடிப்பாகப் பிரித்து நான்கு பேர் படித்த மிச்சம். பேப்பரிலும் சாய்வு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது, எது எந்தப் பக்கம் சாயும் என்று நமக்கே தெரியும். ஆனால் அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. ராத்திரி யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து, இதைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறார். டிவியில் அந்த ராத்திரி கிடையாது. ஆறு பேரை ஆறு கட்டத்தில் போட்டு, சிவப்புப் பட்டையில் "சற்றுமுன்" என்று ஓட்டுவார்கள், அந்தச் சற்றுமுன் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் மாமனார் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பார், "வாயசைவு மட்டும் பார்த்தா எல்லாரும் ஒரே கட்சி மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்பார்.

குடும்ப குரூப்பில் இவ்வளவு பேசுகிறோம், நீ வாயே திறக்க மாட்டேன் என்கிறாயே? (பெரியப்பா)

திறந்து பார்த்தேன் பெரியப்பா. தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகத்திலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்டதாக நீங்கள் போட்டிருந்தீர்கள், அப்படி ஒன்றும் இல்லை என்று கீழே எழுதினேன். நாற்பத்திரண்டு பேர் முன்னால். மூன்று மாசம் நீங்கள் என்னிடம் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். 34 வருஷம் வாத்தியாராக இருந்தவரைப் பிள்ளைகள் முன்னால் திருத்தக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நேரில் வரும்போது சொல்கிறேன், அல்லது போன் செய்து முதலில் உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீங்களே குரூப்பில் "மேற்கண்ட தகவல் தவறு" என்று போட்டீர்கள், அதுவும் தலைமையாசிரியர் நடையில். நான் போட்டிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வேறு சாதியையோ மதத்தையோ இழிவாகப் பேசுகிற எதுவும் வந்தால் நான் குரூப்பிலேயே சொல்வேன், மூன்று மாசம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்தால் என்ன செய்வது?

வெட்டிவிடுங்கள். வீடியோ காலில் கைது செய்கிற சட்டம் இந்தியாவில் கிடையாது. "டிஜிட்டல் கைது" என்பதே மோசடிக்காரர்கள் உண்டாக்கிய வார்த்தை, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டியதாயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன், பெரியப்பா அனுமதியோடு. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது என்று ஆரம்பித்திருக்கிறான். காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், மேசையில் ஃபைல்கள். கதவைத் தாழ் போடு, யாரிடமும் பேசாதே, பேசினால் குடும்பத்தையே உள்ளே தள்ளிவிடுவேன். இரண்டரை மணி நேரம். கூட்டுறவுச் சங்கக் கடன் ஒரு தவணைகூடத் தவறாத மனுஷர், வைப்புநிதி எண்ணை எழுதி எடுத்து வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா கதவைத் தட்டியிருக்கிறாள், "சோறு ஆறுது, வாரீயளா இல்லியா?" திறக்கவில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் போனில் ஒருவன் தன் புருஷனை "வாடா போடா" என்று பேசுவதைக் கேட்டுவிட்டாள். அப்புறம் அந்த ஜன்னலிலிருந்து அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லைன் கட்டாகிவிட்டது. போனது ஒன்றுமில்லை, ஆறின சோறு மட்டும்.

படித்தவர், சட்டத்துக்குப் பயந்தவர், மரியாதைக்குப் பயந்தவர் இவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். தனியாக உட்கார வை, யோசிக்க விடாதே, இவ்வளவுதான் வித்தை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரம் உங்கள் பக்கம், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள்.

யூபிஐயில் நமக்குப் பணம் வரவே ரகசிய பின் நம்பர் போடச் சொல்கிறார்களே?

யூபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் வேண்டும். வாங்குவதற்கு வேண்டவே வேண்டாம். "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு ஆப் ஃபைல் வந்தாலும் தொடாதீர்கள், உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவன் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வருவான்.

நாம் பேசுவதைப் போன் ஒட்டுக் கேட்கிறதா? மிக்ஸி வாங்கலாம் என்று பேசினோம், உடனே மிக்ஸி விளம்பரம்!

மைக் ஓடினால் இப்போதைய போன்களில் மேலே ஒரு சின்னப் புள்ளி எரியும், பச்சையோ ஆரஞ்சோ. அதைக் கவனியுங்கள். ஆனால் ஒட்டுக் கேட்காமலே அவ்வளவும் தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். மிக்ஸி பற்றி நீங்கள் பேசினீர்கள், மகள் தேடிப் பார்த்தாள், இருவரும் ஒரே வைஃபை. போன வாரம் பாத்திரக் கடையில் இருபது நிமிஷம் நின்றதும் போனுக்குத் தெரியும். நீங்கள் பார்த்த மற்ற நூறு விளம்பரம் நினைவில் இல்லை, இது மட்டும் பொருந்தியதால் நினைவில் நிற்கிறது. ஜோசியம் பலிப்பதும் இப்படித்தான், ஆனால் அதை அத்தையிடம் சொல்லாதீர்கள்.

ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதார் டவுன்லோடு செய்யலாம், அதைக் கொடுங்கள். ஜெராக்ஸ்தான் வேண்டும் என்றால் அதன் மேலேயே எதற்காகக் கொடுத்தேன் என்று தேதி போட்டு எழுதுங்கள். 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2018 செப்டம்பரில் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றும் சொன்னது. லாட்ஜ் கவுன்டரில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தால் ரூம் கிடைக்காது, அதுவும் எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணி, பிள்ளைகள் தூங்கி விழுகின்றன, கொடுத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைக்கு எத்தனை வயதில் போன் வாங்கித் தரலாம்?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சட்டம் போடுபவள் மனைவி. மகளுக்குப் பதின்மூன்று, சொந்தப் போன் கிடையாது. "நீங்க மட்டும் சாப்பிடும்போது பார்க்கலாமா?" என்று மகள் கேட்டதில் இப்போது எனக்கும் கிடையாது.

ஏஐ வந்து உன் வேலையைச் சாப்பிட்டுவிடுமா? (எல்லாரும், ஒருவிதச் சந்தோஷத்தோடு)

பாதியைச் சாப்பிட்டுவிட்டது. அரை நாள் உட்கார்ந்து எழுதுகிற டெஸ்ட் கேஸ்களைப் பத்து நிமிஷத்தில் எழுதித் தள்ளுகிறது. எங்கள் டீமில் போன வருஷம் பதினோரு பேர், இப்போது ஏழு. ஏஐயால்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வராத நாள் உண்டு, வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது.

ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் எங்கள் சாஸ்தா கோயில் வரலாற்றைக் கேட்டுப் பார்த்தேன். அழகான தமிழில், ஒரு பாண்டிய ராஜா கனவில் சாமி வந்து கோயில் கட்டச் சொன்னதாக, ராஜா பெயரோடு, ஆண்டோடு எழுதித் தந்தது. எங்கள் கோயிலுக்குக் கட்டடமே கிடையாது, ஒரு உடைமரமும் நாலு பீடமும்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு ராஜாவைக் கொண்டுவந்தது. நான் அதை மாமாவிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லாத்தானடா இருக்கு, அடுத்த வருஷம் நோட்டீஸ்ல போட்டுருவோம்" என்றார்.

ஆக, எனக்கு வேலை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதலில் மாமாவைத் தடுக்க வேண்டும்.

பிரிண்டர் வேலை செய்ய மாட்டேன் என்கிறது, வந்து பார்க்கிறாயா?

மாட்டேன். 18 வருஷத்தில் நான் ஒரு பிரிண்டரையும் சரிசெய்ததில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எட்டயபுரம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.